ஒத்தைக்கண் கேப்டனின் இரண்டாவது கண்

ராசாத்தி தன் எஸ்டேட் லைன் வீட்டைக் காலி செய்ய இன்னும் இருபத்து மூன்று மணி நேரம் இருந்தது.

இருபத்து நான்காக இருந்திருக்க வேண்டியது. ஒன்றைத் தினேஷ் மலைப்பாதையில் வாந்தி எடுத்தே தீர்த்துவிட்டான்.

“ஒவ்வொரு வளைவுக்கும் எதுக்கு நம்பர் போட்டு போர்டு வெச்சிருக்காங்கன்னு இன்னிக்குத்தாங்க்கா புரிஞ்சுது,” என்றான், காரை விட்டு இறங்கி. “ஏழாவதுல இட்லி. பன்னெண்டாவதுல வடை. பதினெட்டுல நேத்து ராத்திரி தின்ன பரோட்டா. கணக்குத் தப்பவே இல்ல.”

“வாயைத் துடை,” என்றாள் பானு.

பானு சேலம் அஞ்சு ரோட்டில், ஒரு பேக்கரிக்கு மேல்மாடியில், துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். குறைவாகப் பேசுவாள். மீதியை அவளுடைய உதவியாளன் தினேஷ் பேசிவிடுவான். கட்டணத்தில் இரண்டும் அடக்கம்.

குயில்மேடு எஸ்டேட் ஏற்காட்டிலிருந்து கரடியூர் போகும் வழியில் இருந்தது. சில்வர் ஓக் மரங்களில் மிளகுக் கொடி. அவற்றின் நிழலில் காபிச் செடிகள். அதற்கும் கீழே பனி. பனிக்குள் எங்கோ சேலம். பங்களா வாசலில் ‘கேப்டன் பங்களா, தங்கும் விடுதி’ என்று பலகை தொங்கியது.

“கப்பல் கேப்டனாமே?” என்றான் தினேஷ். “கப்பலை எந்த வளைவு வழியா ஏத்துனாரு?”

முதலாளி ராஜேந்திரன் தடியை ஊன்றிக்கொண்டு வெளியே வந்தார். வலது முழங்காலில் கறுப்புப் பட்டை கட்டியிருந்தார்.

“வாங்கம்மிணி. கேஸு முடிஞ்சு போச்சுங்க. எடுத்தது ராசாத்திதான். ஒரு காபி குடிச்சுட்டுக் கெளம்புங்க.”

“குடிக்கிறோங்க,” என்றாள் பானு. “அதுக்கு முன்னாடி படத்தைப் பாக்கலாங்களா?”

சாப்பாட்டு அறையில் ஒரு கணப்பு இருந்தது. அதற்கு மேலே, எட்டாத உயரத்தில், கண்ணாடிச் சட்டத்துக்குள் கேப்டன் டார்ன்லி இருந்தார். இருநூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கடற்படை அதிகாரி. சுருள் முடி. இரண்டு வரிசைப் பொத்தான் வைத்த கோட்டு. கக்கத்தில் ஒரு தொலைநோக்கி. பின்னால், நகத்தளவில் ஒரு கப்பல். கண்ணாடியின் மேல், அவருடைய நெற்றி இருக்கும் இடத்தில், சந்தனமும் குங்குமமும் அப்பியிருந்தது. சட்டத்தைச் சுற்றிக் காய்ந்த மல்லிகைச் சரம்.

“கேப்டன் விரதமா?” என்றான் தினேஷ்.

“ஆளுங்க பண்ற கூத்துங்க,” என்றார் ராஜேந்திரன்.

விஷயம் இதுதான். எஸ்டேட் அவருடைய மனைவி சுகுணாவின் அப்பா வாங்கியது. படமும் பங்களாவோடு வந்தது. ‘தொரையைச் சுவரை விட்டு எறக்கக் கூடாது’ என்று சொல்லிவிட்டுத்தான் அந்தப் பெரியவர் கண்ணை மூடினார். போன ஞாயிற்றுக்கிழமை பங்களாவில் தங்கிய ஒரு விருந்தாளிக்குப் பழைய அச்சுப்படங்களைப் பற்றித் தெரிந்திருந்தது. நாற்காலி போட்டு ஏறி, லென்ஸ் வைத்துப் பார்த்தார். ‘இது போலி’ என்றார், சுகுணாவின் முன்னாலேயே. இந்த மாதிரிப் படத்தைச் செப்புத் தகட்டில் கோடு கோடாகச் செதுக்கி, மை தடவி, தாளை வைத்து அழுத்தி எடுப்பார்கள். தகட்டின் ஓரம் தாளில் பள்ளமாக விழுந்திருக்கும். இதில் பள்ளமே இல்லை.

“சுகுணா நாளைக்கு மத்தியானம் சேலத்துல இருந்து வர்றா. அதுக்குள்ள அசல் படம் வரலேன்னா ராசாத்தி ஊட்டைக் காலி பண்ணோணும். நான் கறாரா சொல்லிட்டேன்.”

“அம்மா என்ன சொன்னாங்க?”

“துப்பறியறவங்களைக் கூட்டியாரச் சொன்னா.” பல் வலி என்று சொல்வதைப் போலச் சொன்னார்.

“படத்தைக் கடைசியா எறக்குனது யாருங்க?”

“யாரும் எறக்குனதே இல்லீங்க. மாமனார் வாக்கு.”

“எறக்காமயே மாறிடுச்சுங்களா?” என்றான் தினேஷ். “கேப்டன் டிரான்ஸ்பர் வாங்கிட்டுப் போயிட்டாரோ என்னமோ.”

“ராசாத்தியக் கேளுங்க. பங்களா சாவி அவகிட்ட. தூசி தட்டறது அவ.”

“ஆளுங்க எல்லாரும் ஒண்ணா எங்கயாச்சும் போவாங்களா? பங்களாவுல யாருமில்லாத நாளுன்னு ஏதாச்சும்?” என்று கேட்டாள் பானு.

“எங்க போவாங்க? வருசம் பூரா எல்லாரும் இங்கயேதான் கெடக்கறாங்க.”

பானு நாற்காலியில் ஏறினாள். லென்ஸுக்குள் கேப்டனின் கன்னம் சின்னச் சின்ன வண்ணப் புள்ளிகளாகப் பிரிந்தது. விருந்தாளி சொன்னது சரி. கண்ணாடி புதிதாக இருந்தது. சட்டம் மட்டும் பழசு. கணப்புக்கு மேலிருந்த கல் பலகைக்கும் சுவருக்கும் நடுவில் ஓர் இடுக்கு. அதில் விரலை விட்டுத் துழாவினாள். ஒரு வெள்ளை இறகு வந்தது. அதன் நுனி நேராக வெட்டப்பட்டிருந்தது.

“கேப்டன் தொப்பியில இருந்து உதிர்ந்திருக்குங்க்கா.”

“கேப்டனுக்குத் தொப்பியே இல்ல.”

“அடப்பாவமே. அதுவும் திருடு போயிருச்சா?”

பானு ராஜேந்திரனைப் பார்த்தாள். “இங்க கோழி, வாத்து ஏதாச்சும் வளக்கறீங்களா?”

“இல்லீங்க. இல்லவே இல்லீங்க,” என்றார் ராஜேந்திரன். ஒரு ‘இல்லீங்க’ போதுமாக இருந்திருக்கும்.

அவள் இறகைப் பர்ஸில் வைத்துக்கொண்டாள்.

பக்கத்தில் ஆபீஸ் அறை திறந்திருந்தது. சுவரில் பெரிய படமாக ஒரு பெரியவர். தலைப்பாகை, நீலக் கோட்டு, சுற்றிலும் எரிந்து அணையும் சீரியல் பல்புகள்.

“மாமனாருங்க. போய் ஒம்பது வருசமாச்சு.”

“உங்களைவிடத் தெளிவா இருக்காருங்க,” என்றான் தினேஷ்.

*

ராசாத்தி பாத்திரங்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தாள். நாற்பது வயதுக்காரி. இந்த லைன் வீட்டில்தான் பிறந்தாள். அவளுடைய அப்பாவும் இதே எஸ்டேட்டில் காபி பறித்தவர். இவர்களைக் கண்டதும் கட்டிய சாக்கை அவிழ்க்க ஆரம்பித்தாள்.

“உக்காருங்கம்மிணி. டம்ளர் அடியில போயிருச்சு. எடுக்கறேன்.”

“அதெல்லாம் வேண்டாங்க.”

“ஊட்டுக்கு வந்தவங்களுக்கு ஒரு வாய் காபி குடுக்கலேன்னா எப்புடிங்க? நாளைக்கு மத்தியானம் வரைக்கும் இது என்ற ஊடுதானே.”

அழவில்லை. டம்ளரை மட்டும் தேவைக்கு மேல் கழுவினாள்.

சுவரில் ஒரே ஒரு படம் மிச்சம் இருந்தது. மாரியம்மன். நல்ல அகலமான சட்டம்.

“அவளைக் கடைசியாத்தான் எறக்கோணும்,” என்றாள் ராசாத்தி. “அவ கெளம்பிட்டா அப்பறம் ஊடு இல்ல, வெறும் செவுரு.”

பானு நேராகக் கேட்டாள். “நீங்க எடுத்தீங்களா?”

“தொரையவா? எடுத்து எங்கீங்க வெக்கறது? வயசான மனுசன். இந்த ஊட்டு ஓதம் அவருக்கு ஒத்துக்குமா?” கொஞ்சம் யோசித்தாள். “அதுவுமில்லாம, கண்ணு தொறந்த சாமிய யாராச்சும் திருடுவாங்களா?”

“என்ன தொறந்த?”

“உங்களுக்குச் சொல்லலீங்களா? தொரைக்கு ஒத்தைக் கண்ணுதானுங்க. எடது கண்ணு மூடியிருக்கும். புருவத்துல இருந்து கன்னம் வரைக்கும் ஒரு வெட்டு. கப்பல் சண்டையில போச்சாமா. எங்கப்பன் காலத்துல இருந்து ஒத்தைக்கண்ணு தொரைன்னுதான் பேரு. போன ஆடியில தொறந்துட்டாருங்க. வெட்டுகூட ஆறிப் போச்சு.”

தினேஷுக்குக் காபி புரையேறியது.

“அப்பறம் என்ன பண்ணினீங்க?” என்றாள் பானு.

“என்ன பண்றது, பொங்கல் வெச்சோம்.”

“மொதலாளிகிட்டச் சொன்னீங்களா?”

“சொன்னேனுங்க. ‘தொறக்கறதும் மூடறதும் அவரு இஷ்டம், நீ வேலையப் பாரு’ன்னு எரிஞ்சு விழுந்தாரு. சுகுணாம்மாகிட்டச் சொன்னேன். ‘இவ்வளவு கற்பூரம் ஏத்துனா யாருக்குத்தான் கண்ணு தொறக்காது’ன்னு சிரிச்சாங்க. கண்ணாடி மேல சந்தனம், குங்குமம் வேற. கீழ இருந்து பாத்தா அவங்களுக்கு எங்க தெரியும்?”

“ஆடியில எந்த நாளு?”

“பதினெட்டுக்கு நாங்க அத்தனை பேரும் மேட்டூரு போயிட்டோங்க. எங்க பெரியவங்க எல்லாம் அந்தப் பக்கம்தானே. ஆத்துல முழுகி, சொந்தக்காரங்க ஊட்டுல மூணு நாளு இருந்துட்டு வந்தோம். வந்து வெளக்கேத்தறேன், தொரை ரெண்டு கண்ணுலயும் என்னையப் பாக்கறாரு. தீப்பெட்டி கையில இருந்து விழுந்துருச்சு.”

“பங்களாவுல யாரு இருந்தாங்க?”

“நொம்ப மழைங்க. விருந்தாளி ஒருத்தருமில்ல. மொதலாளி மட்டும்தான்.”

“நீங்க யாரும் எங்கயும் போறதில்லைன்னு சொன்னாரே.”

ராசாத்தியின் கை சாக்கின் மேல் நின்றது. “அப்புடியா சொன்னாரு?” என்றாள். பிறகு, “மறந்திருப்பாருங்க,” என்றாள்.

*

காருக்கு நடக்கும்போதே தினேஷ் தீர்ப்பைச் சொல்லிவிட்டான்.

“மொதலாளிதாங்க்கா. ஆளில்லாத நேரம் பாத்து அசலை வித்துட்டு, போலிய மாட்டிட்டாரு. பழிய அந்தக்கா மேல போட்டுட்டாரு. ஏறுங்க, ஊருக்குப் போலாம். எறங்கற வளைவுக்கு என் வயித்துல ஒண்ணுமே இல்ல.”

“போலி பண்றவன் எப்புடிப் பண்ணுவான்?”

“அச்சு அசலா.”

“அப்ப ஒத்தைக் கண்ணை ஒத்தைக் கண்ணாவேதானே விடுவான்?”

தினேஷ் நின்றான்.

“மூடின கண்ணைத் தொறந்து விடறது யாரோட தொழில்?” என்று கேட்டாள் பானு.

“கண் டாக்டர்.”

“படத்துல, கண்ணு. படத்துல.”

தினேஷ் தன் நெற்றியில் அறைந்துகொண்டான்.

“எங்க தாத்தா! அவரு செத்தப்பறம்தாங்க்கா மொதமொதல்ல போட்டோ எடுத்துக்கிட்டாரு. உக்கார வெச்சு எடுத்தாங்க. ஸ்டூடியோக்காரரு கண்ணைத் தொறந்து, சட்டை மாட்டி, கையில ஒரு வாட்சும் கட்டி விட்டுட்டாரு. உசிரோட இருந்தப்ப மனுசனுக்கு மணியே பாக்கத் தெரியாது!”

“ஏற்காட்டுல அந்த வேலைய யாரு பண்றாங்கன்னு விசாரி.”

விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. டவுனில் முதலில் கண்ட டீக்கடைக்காரர், “செத்தவங்க படமா? ஐயாக்கண்ணு ஃபிரேம் கடை,” என்று கையை நீட்டினார்.

*

கடைச் சுவர் முழுக்க ஏற்காட்டின் இறந்தவர்கள் இருந்தார்கள். எல்லோரும் கண்ணை அகல விரித்து, நீல வானத்துக்கு முன்னால், ஒரே நீலக் கோட்டில் இருந்தார்கள்.

“ஒரே கோட்டைத்தான் எல்லாரும் மாத்தி மாத்திப் போட்டுக்கறாங்க போல,” என்று முணுமுணுத்தான் தினேஷ்.

ஐயாக்கண்ணு அறுபதைத் தாண்டியவர். காதில் ஒரு பென்சில். பானு செல்போனில் கேப்டனைக் காட்டினாள். அவருடைய முகம் மலர்ந்தது.

“அட, நம்ம வேலைங்க! கண்ணு எப்புடி இருக்குது? இருந்த கண்ணை எடுத்து, திருப்பி, அந்தப் பக்கம் வெச்சேன். கன்னத்துல இருந்த கறையத் தொடைச்சேன். மனுசன் கடுகடுன்னு இருந்தாரு. லேசா சிரிக்க வெச்சிருக்கேன், பாருங்க.”

பார்த்தார்கள். கேப்டன் லேசாகச் சிரித்துக்கொண்டிருந்தார்.

“கோட்டை மட்டும் விட்டுட்டீங்க?” என்றான் தினேஷ்.

“அவரே நல்ல கோட்டாத்தானே போட்டிருந்தாரு, சாமி.”

“யாரு கொண்டாந்து குடுத்தாங்க?” என்றாள் பானு.

மலர்ந்த முகம் மூடிக்கொண்டது. “அது மட்டும் கேக்காதீங்க. சேர்வராயன் மேல சத்தியம் வாங்கிட்டாரு. குகைக்குள்ள இருக்கற சாமிங்க. அவருகிட்ட வெளையாட முடியாது.”

“பில் இருக்குங்களா?”

“இந்தக் கடையில பில்லாவது ஒண்ணாவது. செத்தவங்களுக்கு யாருங்க வாரண்டி கேக்கறாங்க?”

“சரிங்க, பேரு வேண்டாம். வந்தவரு என்ன சொன்னாரு? அதுக்குச் சத்தியம் இல்லையே.”

ஐயாக்கண்ணு யோசித்தார். அதற்குச் சத்தியம் இல்லை.

“ரெண்டு படம் கொண்டாந்தாருங்க. ஒண்ணு, தவறிப்போன ஒரு பெரிய மனுசர் படம். அதைப் புதுசு பண்ணோணும்னாரு. இது ரெண்டாவது. கண்ணாடி ஒடைஞ்சிருந்துச்சு. ‘இதையும் சேத்துப் பண்ணிடு, அவசரம்’னாரு. எங்கிட்ட வர்றவங்க எல்லாம் செத்தவங்கதானுங்களே. ரெண்டு பேருக்கும் ஒரே வைத்தியமா பண்ணிட்டேன். சேலத்துக்கு அனுப்பி பிரிண்ட் போட்டு, புதுக் கண்ணாடி மாட்டிக் குடுத்தேன்.”

“கேட்டது கண்ணாடி மட்டும்தானோ என்னமோ,” என்றாள் பானு மெதுவாக. “பழைய தாளை என்ன பண்ணினீங்க?”

“பழசை யாருங்க திருப்பிக் கேக்கறாங்க? அதைப் பாத்தா மறுபடியும் அழுகைதான் வரும்.”

“தூக்கிப் போட்டுட்டீங்களா?” தினேஷின் குரல் கீச்சிட்டது.

“ஐயையோ, அருமையான தாளு! கெட்டித் துணியாட்டம் இருந்துச்சு. இந்த மலை ஓதத்துக்குப் படத்துக்குப் பின்னாடி நல்ல கனமா ஒரு தாளு வெக்கலேன்னா, ரெண்டே மழையில சாமிக்கே பூஞ்சை புடிச்சுக்கும். ஏதோ ஒரு படத்துக்குப் பின்னாடி வெச்சுட்டேன்.”

“எந்தப் படத்துக்கு?”

“அந்த வாரம் இதைத் தவிர அவ்வளவு பெரிய படம் ரெண்டே ரெண்டுதான் பண்ணினேன். ஒண்ணு, அவரு கொண்டாந்த இன்னொரு படம். அது யாரு படம்னு சொன்னா ஆளையே சொன்ன மாதிரி. மாட்டேன்.”

“இன்னொண்ணு?”

“அதைச் சொல்லலாங்க. குயில்மேடு ராசாத்தி மேட்டூருல இருந்து வாங்கியாந்த மாரியம்மன்.”

தினேஷ் திடுக்கிட்டுப் பானுவைப் பார்த்தான்.

“ரெண்டுல எதுல வெச்சீங்க?” என்று பானு கேட்டாள்.

“அதெல்லாம் யாருக்குங்க ஞாபகம் இருக்குது?” ஐயாக்கண்ணு பென்சிலால் தலையைச் சொறிந்தார். “அவருகூடப் போன வாரம் மறுபடியும் வந்தாரு. பதறிப் போயிருந்தாரு. பழைய சத்தியம் பத்தாதுன்னு புதுசா ஒண்ணு வாங்கிட்டுப் போனாரு.”

“பழைய தாளு எங்கேன்னு கேட்டாரா?”

“அதைக் கேக்கலீங்க. யாருகிட்டயும் சொல்லாதேன்னு மட்டும் கேட்டுக்கிட்டாரு.”

பானு முதல் முறையாகச் சிரித்தாள். “நாளைக்கு மத்தியானம் ஒரு கொறடு எடுத்துட்டுக் குயில்மேட்டுக்கு வாங்க. நீங்க வாயே தொறக்க வேண்டாம்.”

வெளியே வந்ததும் தினேஷ் அவளுடைய வழியை மறித்தான்.

“இப்பவே போயி அந்தக்கா ஊட்டுப் படத்தைத் தொறந்து பாத்துரலாங்க்கா. யாருக்கும் தெரியாம.”

“நாம தனியா தொறந்தா, நாமளே எடுத்து ஒளிச்சு வெச்சோம்பாங்க. எல்லார் முன்னாடியும்தான் தொறக்கோணும்.”

“அதுக்குள்ள இருந்துச்சுன்னா? மொதலாளி சொன்ன மாதிரி அவங்க ஊட்டுலயே இருக்குதுன்னு ஆயிருமே. ஃபிரேம் கடைக்காரரு மாத்தி வெச்சாருன்னா யாரு நம்புவாங்க?”

பானு காரின் கதவைத் திறந்தாள்.

*

மறுநாள் மத்தியானம் சுகுணா வந்தாள். காரை அவளே ஓட்டி வந்திருந்தாள். தடித்த கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, சாப்பாட்டு மேஜையின் தலைமாட்டில் உட்கார்ந்தாள். ஐயாக்கண்ணு குறடோடு மூலையில் நின்றார். ராஜேந்திரன் அவரைப் பார்த்ததும் இருமினார். வாசலுக்கு வெளியே லைன் ஆட்கள் கூடியிருந்தார்கள்.

“அசல் படம் ஒரு படத்துக்குப் பின்னாடி இருக்குதுங்கம்மா,” என்றாள் பானு. “ரெண்டு படத்துல ஒண்ணு. ரெண்டும் போன ஆடியில இவரு ஃபிரேம் போட்டது. மொதலாவது, ராசாத்தியோட மாரியம்மன்.”

“நான் அப்பவே சொல்லல?” என்றார் ராஜேந்திரன். தடி தேவைப்படாமலே எழுந்து நின்றார்.

ராசாத்தி போய் அம்மனைக் கொண்டுவந்தாள். குழந்தையைப் போல மார்போடு அணைத்திருந்தாள். மேஜையில் வைத்தாள். கையை எடுக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

“தொறங்கண்ணா,” என்றாள்.

ஐயாக்கண்ணு ஆணிகளைப் பிடுங்கினார். முதல் ஆணி. இரண்டாவது. தினேஷ் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். பின்அட்டை விலகியது. உள்ளே பழுப்பாக, கனமாக ஒரு தாள். ராஜேந்திரன் எட்டிப் பார்த்தார். பானு அதைத் திருப்பினாள்.

சிமென்ட் மூட்டைத் தாள். ஒரு பக்கம் பாதி யானை அச்சடித்திருந்தது.

“ஆத்தா, மகமாயி!” என்றான் தினேஷ். “சேலத்துல உனக்கு ஒரு அண்டா கூழு ஊத்தறேன்!”

“ரெண்டாவது படம் எது?” என்றாள் சுகுணா.

பானு எழுந்து ஆபீஸ் அறைக்குள் போனாள். தலைப்பாகைப் பெரியவருக்கு முன்னால் நின்றாள். சீரியல் பல்பின் சுவிட்சை அணைத்தாள்.

“அதைத் தொடாதீங்க!” ராஜேந்திரன் ஓடி வந்தார். முழங்கால் பட்டை கணுக்காலுக்கு இறங்கியிருந்தது. “மாமா படம்! அபசகுனம்!”

“என்ன அபசகுனம்?” என்றாள் சுகுணா. “அப்பா தெவசத்துக்குப் புதுசு பண்ணுங்கன்னு போன ஆடியில நான்தானே சொன்னேன். நீங்கதானே கொண்டு போனீங்க?”

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது கேட்டது.

“நான் ஒண்ணும் சொல்லலீங்க,” என்றார் ஐயாக்கண்ணு, கூரையைப் பார்த்தபடி. “சேர்வராயன் மேல.”

ஆணிகள் ஒவ்வொன்றாக வந்தன. பின்அட்டை விலகியது. ஒன்பது வருஷத்துக்கு முன் போன மாமனாரின் முதுகோடு முதுகு ஒட்டி, கேப்டன் டார்ன்லி படுத்திருந்தார். இடது கண் மூடியிருந்தது. புருவத்திலிருந்து கன்னம் வரை வெட்டு. சிரிப்பு இல்லை. பானு சுகுணாவின் விரலைப் பிடித்துத் தாளின் ஓரமாக மெல்ல ஓட்டினாள். விரல் ஒரு சிறிய பள்ளத்தில் இறங்கியது.

“தகட்டோட ஓரம்,” என்றாள். “இதுதான் அசல்.”

“பழையபடி ஆயிட்டாரு,” என்றாள் ராசாத்தி. சந்தோஷமா வருத்தமா என்று அவளுக்கே தெரியவில்லை. கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

“அப்பா படம் சரி,” என்றாள் சுகுணா. “தொரையை எதுக்கு எறக்குனீங்க?”

ராஜேந்திரன் பட்டையை மேலே இழுத்து விட்டுக்கொண்டார். “கண்ணாடி... அதுவா ஒடைஞ்சுது. ஓதம்.”

பானு பர்ஸைத் திறந்து, நுனி வெட்டிய வெள்ளை இறகை எடுத்து, மேஜையில் வைத்தாள். தினேஷ் குனிந்து பார்த்தான். நிமிர்ந்தான்.

“அக்கா, இது ஷட்டில் காக் இறகு!”

“ஷட்டிலா?” என்றாள் சுகுணா. “ஆனியில முட்டி ஆபரேசன். ஆயுசுக்கும் பேட்டையே தொடக்கூடாதுன்னு டாக்டர் சொன்னாரு. ஆடியில ஷட்டிலா?”

“வெளிய மழை, சுகுணா,” என்றார் ராஜேந்திரன். “பங்களாவுல யாருமில்ல. தனியா, செவுத்துல அடிச்சுத்தான் ஆடினேன். மொதல்ல மெதுவாத்தான். அப்பறம் ஒண்ணு நல்லா வாட்டமா வந்துச்சு. எகிறி ஒரு ஸ்மாஷ்...” கை தானாக உயர்ந்தது. “பேட்டு கை நழுவிப் போயி தொரை மூஞ்சியிலேயே பட்டுருச்சு.”

“கடல்ல ஒரு கண்ணு, மலையில ஒரு கண்ணு,” என்றான் தினேஷ். “மனுசனுக்கு எங்க போனாலும் அடிதான்.”

முதலில் வாசலில் யாரோ சிரித்தார்கள். பிறகு லைன் ஆட்கள் எல்லோரும். ஐயாக்கண்ணு குறடால் வாயை மறைத்துக்கொண்டார். சுகுணாகூடக் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். ராஜேந்திரனும் அசட்டுத்தனமாகச் சிரித்தார். தப்பித்துவிட்டோம் என்று அவருக்குத் தோன்றியிருக்க வேண்டும்.

ராசாத்தி சிரிக்கவில்லை. மாரியம்மனை மறுபடியும் மார்போடு அணைத்துக்கொண்டு அவருக்கு எதிரே வந்து நின்றாள்.

“ஏனுங்க மொதலாளி,” என்றாள். “அன்னிக்கு நான் எங்கீங்க இருந்தேன்?”

சிரிப்பு வாசல் வரைக்கும் அடங்கியது. ராஜேந்திரன் சுகுணாவைப் பார்த்தார். பானுவைப் பார்த்தார். மேஜையில் ஒற்றைக் கண்ணோடு கிடந்த கேப்டனைப் பார்த்தார். ராசாத்தியை மட்டும் பார்க்கவில்லை.

“மேட்டூர்ல.”

“சத்தமா சொல்லுங்க,” என்றாள் சுகுணா.

“மேட்டூர்ல இருந்தா. எனக்குத் தெரியும்,” என்றார் ராஜேந்திரன். “வேன் புடிச்சு அவளை ஏத்தி அனுப்புனதே நாந்தான்.”